கரையில் இரண்டு மணி நேரம்

வடிவு கண் விழித்தபோது பக்கத்தில் நின்ற செவிலி முதலில் சொன்னது அன்றைய தேதியைத்தான். அப்படிச் சொல்ல வேண்டும் என்று உறங்குவோர் சட்டத்தில் விதி இருக்கிறது. வடிவு மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். விபத்து நடந்து மூன்று வருடம், பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

ஒன்பது மாதம் என்று சொல்லித்தான் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டியிருந்த மின்கல ஆலையில் அவள் வேலை பார்த்தாள். அமிலப் பிரிவில் ஒரு வால்வு கசிகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். நான்காவது முறை எழுத அவசியம் இருக்கவில்லை. வால்வு பிய்த்துக்கொண்டு வந்த அன்று அந்தப் புகைக்குள் நின்றவள் அவள் ஒருத்திதான். இரண்டு நுரையீரலும் வெந்துபோயின.

உறக்க மருத்துவம் அப்போது ஊர் உலகத்துக்குப் பழகியிருந்தது. உடம்பைக் குளிர வைத்து, மூச்சை நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்து உறங்க வைத்தால், வெந்த நுரையீரல் மெல்ல வளர்ந்து தன்னைச் சரி செய்துகொள்ளும். அதற்கான படுக்கைகள் ஒரு கப்பலில் இருந்தன. கப்பல் கரையிலிருந்து பதினான்கு கடல் மைலில் நங்கூரமிட்டு நின்றது. வேறு நாட்டுக் கொடி. ஏன் அங்கே என்று கேட்டவர்களிடம், நடுக்கடலில் தூசி கிடையாது என்றார்கள். சிகிச்சைச் செலவை ஆலையே ஏற்றுக்கொண்டது. முகமூடிக்குள்ளிருந்து வடிவு தலையை ஆட்டினாள். கணவன் முத்துமாலை கையெழுத்துப் போட்டான்.

இப்போது வாய்க்குள் ஈரச் சுண்ணாம்பின் ருசி. போர்வையை விலக்கிப் பார்த்தாள். கால் நகங்களில் ரோஸ் நிறச் சாயம் பூசியிருந்தது.

"இது யாரு செஞ்சது?"

"எல்லாருக்கும் மாசம் ரெண்டு தடவை செய்வோம் மேடம். நகம் வெட்டி, முடி சீவி, எல்லாம். எழுந்திருக்கும்போது உங்களுக்குச் சந்தோஷமா இருக்கணும்ல" என்றாள் செவிலி.

வடிவு குனிந்து, பலமில்லாத விரலால் அந்தச் சாயத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

*

வீடு மாறியிருந்தது. உப்பளத்தில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த முத்துமாலை இப்போது ஆலையின் கிடங்கில் மேற்பார்வையாளர். ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு, ஜன்னலுக்கு வலை, வாசலில் அளவாக வெட்டிய புல். மகள் தர்ஷினி எட்டு வயதுப் பெண்ணாகக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஐந்து வயதில் விட்டுப்போன குழந்தை.

"வா, அம்மாட்ட வா" என்று முத்துமாலை கூப்பிட்டான். பிள்ளை விருந்தாளிக்குச் சொல்வதுபோல "வாங்க" என்றது.

மேசையில் ஆலையிலிருந்து வந்த பழக்கூடை இருந்தது. 'மீண்டும் வருக' என்று அட்டையில் எழுதியிருந்தது. சுவரில் தர்ஷினியின் பிறந்தநாள் படங்கள். மூன்றிலும் ஆலையின் மனிதவள அதிகாரி பிள்ளையின் தோளில் கை வைத்து நின்றார். அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் காவல் நிலையத்துக்குப் போனாள். முத்துமாலை தடுக்கவில்லை. "ஒடம்பு தேறட்டும், என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்டான்.

ஆய்வாளர் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஆலை எங்க லிமிட்தாம்மா. ஆனா அந்தக் கேசுக்குக் காலவரம்பு முடிஞ்சிட்டு. கப்பல்ல ஏன் அத்தன நாளு வச்சிருந்தாங்கன்னு கேக்கிய. அது நியாயமான கேள்வி. ஆனா கப்பல் எங்க லிமிட்ல இல்ல. பன்னெண்டு கடல் மைலுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப அது யாரு லிமிட்டு?"

அவர் பேனாவை மூடினார். "கொடி யாருதோ அவங்க லிமிட்டு."

*

வழக்கறிஞர் பிரம்மசக்தியின் அலுவலகம் நீதிமன்றத்துக்கு எதிரே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண், ஆஸ்துமா. பேசும்போது இடையில் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொள்வார். நுரையீரல் வெந்தவளும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கியது, யாராவது பார்த்திருந்தால் சிரிப்பாக இருந்திருக்கும்.

"அஜாக்கிரதையால கொடுங்காயம். அதிகபட்சத் தண்டனை மூணு வருசம்" என்றார் பிரம்மசக்தி. "அந்த மாதிரிக் குத்தத்தை மூணு வருசத்துக்குள்ள கோர்ட்டு கையில எடுக்கணும். தாண்டிட்டா தொடக் கூடாது. அதுதான் காலவரம்பு."

"நான் தூங்கிட்டுல்லா கெடந்தேன் வக்கீலம்மா."

"குத்தவாளி ஓடி ஒளிஞ்சா அந்த நாளைக் கழிக்கலாம். வெளிநாட்டுல இருந்தா கழிக்கலாம். பாதிக்கப்பட்டவ தூங்குனா கழிக்கணும்னு சட்டத்துல இல்ல. தூக்க வைத்தியம் வந்தப்ப அந்த வரியச் சேக்கணும்னு யாருக்கும் தோணல. தோணாமப் போச்சா, தோண விடலயா, அது எனக்குத் தெரியாது."

"நான் முழிச்ச அன்னைக்குப் பத்தொம்பது நாளுதான் தாண்டிருந்துச்சு."

"எண்ணிப் பாத்துத்தான் எழுப்பிருக்காங்க பிள்ளே."

வடிவு தன் கால் விரல்களைப் பார்த்தாள். சாயம் விளிம்பில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஒரு வழி இருந்தது. தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால், அதை மன்னித்து வழக்கை எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தூங்கியதைவிட நல்ல காரணம் என்ன இருக்க முடியும்? பிரம்மசக்தி மனுப் போட்டார்.

ஆலைக்காகச் சென்னையிலிருந்து திவாகர் என்ற வழக்கறிஞர் வந்தார். மென்மையான குரல். நீதிபதிக்கு வணக்கம் சொன்ன பிறகு, திரும்பி வடிவுக்கும் ஒரு வணக்கம் சொன்னார்.

"அம்மாவுடைய துன்பத்தை நாங்கள் மறுக்கவில்லை" என்றார். "ஆனால் உறங்குவோர் சட்டப்படி, உறங்குபவருக்கு ஒரு நியமனதாரர் இருக்கிறார். அவர் சார்பில் புகார் கொடுக்கவும், அவரை எழுப்பச் சொல்லவும் அந்த நியமனதாரருக்கு முழு உரிமை உண்டு. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். புகார் கொடுக்கவில்லை. எழுப்பவும் சொல்லவில்லை. ஆகவே தாமதம் உறக்கத்தால் வந்ததல்ல. ஆவணங்களைத் தாக்கல் செய்கிறேன்."

ஆறு படிவங்கள். உறக்கத்தை நீட்டிக்கச் சம்மதம் தெரிவிக்கும் படிவங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் முத்துமாலையின் கையெழுத்து, முன்னே பெரிதாக ஒரு 'மு', பின்னால் ஒரே இழுப்பு. முதல் படிவத்தோடு மருத்துவரின் குறிப்பு இருந்தது: ஒன்பதாம் மாதம், நுரையீரல் முழுமையாகக் குணம், எழுப்பலாம்.

பிரம்மசக்தி அந்தத் தாளை வடிவின் கைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். அவள் வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

தாமதம் விளக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது. வெளியே வரும்போது திவாகர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"மேடம், கணவர் மேல வழக்குப் போடுறதா இருந்தா எங்க பக்கத்துலருந்து ஒத்துழைப்புத் தருவோம். இந்த ஆவணங்களை நாங்களே நிரூபிச்சுத் தரோம்" என்றார். உதவி செய்பவனின் முகம் அது. வடிவு அவரைத் தாண்டிப் படி இறங்கினாள்.

*

முத்துமாலை வேலை முடிந்து வந்து, நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தர்ஷினி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. வடிவு நகல்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒம்பதாம் மாசமே எழுப்பலாம்னு எழுதிருக்கு."

அவன் தாளைப் பார்த்தான். "இங்கிலீசுல இருந்துச்சு."

"கீழ தமிழ்லயும் இருக்கு. படிச்சியளா?"

நண்டுக் காலை உடைத்தவன் அதை அப்படியே தட்டில் வைத்தான்.

"நீ எந்திச்சு கேசு போட்டா ஆலைய மூடிருவாவன்னு சொன்னாவ. முந்நூறு குடும்பம். புள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல எடம் குடுத்தாவ, இந்த வீடு குடுத்தாவ. எனக்கும் வேலை. அஞ்சு மாசத்துக்கு ஒருக்கா கேட்டாவ. மொதத் தடவ போட்டுட்டேன். பொறவு போடாம இருந்தா, மொதல்ல ஏன் போட்டேன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும்லா."

"அதுக்காவ மூணு வருசம் என்னைய அங்க போட்டு வச்சியளா?"

"சாவவா விட்டேன்?" என்றான் அவன். குரலில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. "தூங்கத்தான விட்டேன். ஒனக்கு ஒரு வலி தெரிஞ்சுதா? சொல்லு. தெரிஞ்சுதா? இங்க நான் ஒத்தையில கெடந்து புள்ளைய வளத்தேன். அந்தக் கஷ்டம் ஒனக்குத் தெரியுமா?"

அவன் விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கை ஆறு முறை பேனா பிடித்திருக்கிறது. கப்பலிலிருந்து வந்த நாள் முதல் அந்தக் கைதான் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, முதுகு தேய்த்துவிட்டது. வடிவு எழுந்து பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

முகம் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டு, மாற்றுத் துணியும் பள்ளிக்கூடப் பையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிரம்மசக்தியின் அலுவலகத்துக்குப் பின்னால் பழைய கேஸ் கட்டுகள் கிடந்த ஓர் அறை இருந்தது. அதைக் கூட்டிக் கொடுத்தார்.

*

"ஒன்ன எழுப்பாம வச்சிருந்தது, சட்டவிரோதமா அடைச்சு வச்ச குத்தம்" என்றார் பிரம்மசக்தி மறுநாள். "அது தொடர் குத்தம். அடைச்சு வச்சிருக்க ஒவ்வொரு நிமிசமும் காலவரம்பு புதுசாத் தொடங்கும். அதனால காலம் நமக்கு இருக்கு. இடம்தான் இல்ல. அடைச்சு வச்ச எடம் நம்ம எல்லைக்கு வெளியில. டாக்டருங்க வெளிநாட்டுக்காரங்க. இந்தக் கரையில நடந்தது ஒன்னே ஒன்னுதான்."

"அவுக கையெழுத்து."

"ஆமா. நம்ம கோர்ட்டுக்குக் கை எட்டுற ஒரே ஆளு ஒன் புருசன். அவரை மட்டும் புடிச்சுக் குடுத்தா, ஆலைக்கு அதவிட சந்தோசம் கெடையாது. எல்லாப் பழியும் அங்க போயிரும்."

ஒரு வாரம் அப்படியே போனது. தர்ஷினி கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. 'வாங்க' போய் 'வா' வந்தது. ஒரு காலையில் வடிவு அதற்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பிள்ளை அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தது.

"சூடா இருக்கு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"என்னைக்கு?"

"ஆம்புலன்சுல. ஒன்னய போட்டோ எடுக்கக் கொண்டுவந்தாங்கள்ல. அப்பா தூக்கிக் காட்டுனாங்க. நான் ஒன் கையத் தொட்டேன். எனக்குப் பல்லு விழுந்திருந்துச்சு, அதக் காட்டலாம்னு பாத்தேன். நீ தூங்கிட்டு இருந்த."

முன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த பிரம்மசக்தி டம்ளரோடு எழுந்து வந்தார். "எங்க கண்ணு ஆம்புலன்சு வந்துச்சு? கப்பலுக்கு நீ போனியா?"

"இல்ல. இங்க. மீன் எறக்குற பாலத்துக்கிட்ட."

பிரம்மசக்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். நுரையீரல் முழுதாகக் குணமாகிவிட்டதா என்று பார்க்கும் பெரிய ஸ்கேன் கருவி கப்பலில் கிடையாது. ஒன்பதாம் மாதம் அவளைக் கரைக்குக் கொண்டுவந்து, ஒரு தனியார் நிலையத்தில் படம் எடுத்து, குணமானதை உறுதி செய்துகொண்டு, திரும்பக் கப்பலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மீன்பிடித் துறைமுக வாயில் பதிவில் ஆம்புலன்ஸ் வந்த நேரமும் போன நேரமும் இருந்தன. இரண்டு மணி நேரம், நான்கு நிமிடம்.

"வடிவு, ஒன்ன அடைச்சு வச்சது எல்லைக்கு அப்பால. ஆனா ரெண்டாந் தடவ, ஒன்னக் கேக்காம எல்லை தாண்டிக் கொண்டுபோனது இங்க இருந்து. சம்மதமில்லாம ஓர் ஆளை நாட்டு எல்லைக்கு அப்பால கொண்டுபோறது ஆள்கடத்தல். அதுக்கு ஏழு வருசம். அதுக்குக் காலவரம்பே கெடையாது" என்றார் பிரம்மசக்தி.

*

இந்த முறை புகாரை நீதிமன்றம் ஏற்றது. முத்துமாலை கைதானான். மறுநாளே ஆலை அவனை வேலையை விட்டு நிறுத்தியது. குடியிருப்பு வீட்டின் பூட்டு மாற்றப்பட்டது. புல் வெட்டுபவன் அவனுடைய சட்டைகளை ஒரு சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனான் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். நாற்பது நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது.

ஆலைத் தரப்பு ஒரே பதிலில் நின்றது. கணவர் கேட்டார், கப்பல் நிர்வாகம் கொண்டுபோனது, எங்களுக்குத் தெரியாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தது யார், ஸ்கேன் முடிவைப் பார்த்தபிறகும் திரும்ப ஏற்றச் சொன்னது யார் என்று சொல்லக்கூடிய ஆள் முத்துமாலை ஒருவன்தான்.

"அவன் அப்ரூவர் ஆகணும்" என்றார் பிரம்மசக்தி. "தெரிஞ்சது எல்லாத்தையும் சொன்னா கோர்ட்டு அவனுக்கு மன்னிப்புக் குடுக்கும். பொறவு இந்தக் குத்தத்துக்காவ அவனைத் தொட முடியாது. அவன் சம்மதிச்சுட்டான். அரசுத் தரப்பும் சரின்னுட்டு. நீ ஆட்சேபணை சொல்லலாம். சொன்னா நீதிபதி யோசிப்பாரு."

"சொல்லலைன்னா?"

"மேலாளரு, மனிதவள அதிகாரி, சென்னை ஆபீசு வரைக்கும் போகலாம். இவன் மட்டும் வெளிய போயிருவான்."

வடிவு ஜன்னலருகே போய் நின்றாள். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சோத்துல கெடக்குற புழுவ, சோத்த திங்கணும்னா எடுத்துத்தான ஆகணும்" என்றாள். "எடுக்க நான் தொடணும். அவ்வளவுதான? தொடுதேன்."

*

நீதிபதி வாசகத்தைப் படித்தார். இந்தக் குற்றம் பற்றித் தனக்குத் தெரிந்த அனைத்தையும், எதையும் மறைக்காமல், உண்மையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் மன்னிப்பு வழங்கப்படுகிறது. எதையாவது மறைத்தால் மன்னிப்பு ரத்தாகும். ஏற்கிறீர்களா?

"ஏத்துக்கிடுதேன் ஐயா" என்றான் முத்துமாலை. இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது.

அவன் ஒழுங்காகத்தான் சொன்னான். படிவம் கொண்டுவந்தவர் பெயர், தேதி, மேலாளரின் அறையில் நடந்த பேச்சு, மூன்று வருடம் தாண்ட வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டது. திவாகர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"துறைமுகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார் அரசு வழக்கறிஞர்.

முத்துமாலை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். வடிவு இருந்த பக்கம் பார்த்துவிட்டு, பார்வையை எடுத்துக்கொண்டான்.

"படம் புடிக்க ஒடம்பச் சூடு பண்ணுவாவ ஐயா. திரும்பி வரும்போது பாலத்துக்கிட்ட வண்டி நின்னுச்சு. புள்ளையக் காட்டிட்டு வெளிய அனுப்பிட்டேன். அப்ப இவ கண்ணு முழிச்சா."

திவாகரின் பேனா நின்றது.

"என்னைய அடையாளம் தெரிஞ்சுது. பேசினா. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே கப்பலுக்குப் போவ மாட்டேன்'னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நர்சு என்னையப் பாத்துச்சு. ஆலை ஆபீசரும் பாத்தாரு. 'நீங்கதான் சொல்லணும்'னாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஊசி போடச் சொன்னேன். இவ என் சட்டையப் புடிச்சிருந்தா. தூங்குற வரைக்கும் வெரல எடுக்கல. நான்தான் ஒவ்வொன்னா எடுத்துவிட்டேன்."

வடிவுக்கு அது எதுவும் நினைவில் இல்லை. ஊசி அந்த நினைவையும் சேர்த்து அழித்திருந்தது. தன் வலது கையைப் பார்த்தாள். அது எதையும் அவளுக்குச் சொல்லவில்லை.

பிரம்மசக்தி அவள் காதருகே குனிந்தார். "வடிவு, இது போதும். நம்ம மண்ணுல நின்னு நீயே வாயால மறுத்திருக்க. அதுக்கு மேல எந்தப் படிவமும் செல்லாது. கடத்தல் நிக்கும். நாம ஜெயிச்சாச்சு." அவர் கண்ணில் ஒரு மினுமினுப்பு இருந்தது. அவர் நல்லவர், இந்த வழக்குக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர். இருந்தாலும் அந்த நொடியில் அந்த மினுமினுப்பைக்கூட வடிவால் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே மேலாளர் மீதும் ஆலையின் இயக்குநர்கள் இருவர் மீதும் பிடியாணை பிறந்தது.

வளாகத்து வாயிலுக்குப் பக்கத்தில் முத்துமாலை அவளுக்காகக் காத்திருந்தான். கையில் ஒரு துணிப்பை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்லா" என்றான். "ஒன்னையும் மறைக்கல. அதச் சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனாலும் சொல்லிட்டேன். கோர்ட்டே என்னைய மன்னிச்சுட்டு. ஒரு வாடக வீடு பாத்துருக்கேன். நீயும் புள்ளையும் வந்தா..."

வடிவு அவன் சொல்லி முடிக்கும் வரை நின்றாள்.

"ஆமா, கோர்ட்டு மன்னிச்சுட்டு" என்றாள். "அதுக்கு எல்லை இந்தக் கேட்டு வரைக்குந்தான்."

பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டிருந்தது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டி நடந்தாள்.